தொங்கவிட்டால் முதுகும் தெரியும்

கிராஸ் ஸ்டிச் வரைபடங்களின் கடைசி வரி பெரும்பாலும் ஒன்றேதான்: 'விருப்பப்படி முடித்துக்கொள்ளவும்.' எந்த நிறம், எத்தனை இழை, எந்தக் கட்டத்தில் தொடங்குவது என்று தையலுக்குத் தையல் கணக்குச் சொன்ன ஆள், துணியைக் கையில் கொடுத்துவிட்டு 'இனி உன்பாடு' என்று நழுவிவிடுவார். ஜஸ்ட் கிராஸ் ஸ்டிச் என்ற அமெரிக்க இதழ் கிறிஸ்துமஸ் மரத்தில் மாட்டும் தொங்கல்களுக்கென்றே ஆண்டுதோறும் ஒரு சிறப்பிதழ் போடுகிறது. அப்படிப்பட்ட படங்களைப் பார்த்து ஆசை ஆசையாய்த் தைத்த நட்சத்திரமும் தேவதையும் எத்தனையோ வீடுகளில் பிளாஸ்டிக் உறைக்குள் வெறும் துணியாகவே கிடக்கின்றன. தைக்கத் தெரியாமல் இல்லை. அதை எப்படிப் பொருளாக்குவது என்று யாரும் சொல்லித் தரவில்லை, அவ்வளவுதான்.

சட்டம் போட்டுச் சுவரில் மாட்டும் படத்துக்கு ஒரு முகம் போதும். மரத்தில் தொங்குவதற்குப் போதாது. ஒற்றை நூலில் ஆடும் பொருள் மின்விசிறிக் காற்றுக்கே திரும்பிவிடும். போதாக்குறைக்கு, பார்க்க வரும் பிள்ளைகள் முதல் வேலையாக அதைத் திருப்பித்தான் பார்ப்பார்கள். ஆகவே முகம், முதுகு, இரண்டும் சேரும் விளிம்பு ஆகிய மூன்றையும் ஒரே பொருளாக நினைக்க வேண்டும். இந்த அத்தியாயம் விளிம்பைப் பற்றியே அதிகம் பேசும். முகத்தை நீங்கள் தைத்தாயிற்று, முதுகு ஒரு துணித் துண்டு. கைதேர்ந்த வேலைக்கும் அவசர வேலைக்கும் உள்ள வித்தியாசம் விளிம்பில்தான் தெரியும்.

ஊசி எடுக்கும் முன்

எப்படி முடிக்கப் போகிறீர்கள் என்பதை முதல் தையலுக்கு முன்பே முடிவு செய்யுங்கள். காரணம் அளவு. ஐடா துணியில் 14 என்றால் அங்குலத்துக்கு 14 கட்டம். 42 கட்டம் அகலமுள்ள நட்சத்திரம் அதில் 3 அங்குலம் வரும். 18-இல் தைத்தால் ஏறத்தாழ இரண்டேகால் அங்குலத்துக்குச் சுருங்கும். மரத்தில் தொங்க இரண்டரை முதல் மூன்றரை அங்குலம் பாந்தமாக இருக்கும். அதற்கு மேல் போனால் அது தொங்கல் அல்ல, குட்டித் தலையணை.

நம் ஊர்க் கடைகளில் மேட்டி என்று கேட்டால் கிடைப்பதும் ஐடா என்று கேட்டால் கிடைப்பதும் ஒன்றல்ல. மேட்டி கொஞ்சம் தொளதொளப்பு. கட்ட எண்ணிக்கையும் பீஸுக்குப் பீஸ் மாறும். வாங்கியதும் ஸ்கேல் வைத்து நீளவாட்டில் ஓர் அங்குலம், குறுக்கில் ஓர் அங்குலம் எண்ணிப் பாருங்கள். ஒரு பக்கம் 13, மறுபக்கம் 14 என்று வந்தால் நீங்கள் தைக்கும் வட்டம் முட்டையாகிவிடும். சதுர வேலைப்பாட்டுக்கு அந்தத் துணி கூடவே கூடாது.

வடிவத்தைச் சுற்றி எல்லாப் பக்கமும் 5 செ.மீ. வெறுந்துணி விடுங்கள். துணி மிச்சம் பிடிக்கிறேன் என்று ஒரு விரற்கடை மட்டும் விட்டுத் தைத்தால் அட்டைமேல் மடிக்கப் பிடியே இருக்காது. ஏற்கனவே அப்படித் தைத்துவிட்டவர்களுக்கும் வழி உண்டு. சாதாரண வெள்ளைப் பருத்தித் துணியைப் பட்டையாகக் கிழித்து நான்கு ஓரங்களிலும் மெஷினில் ஒட்டுப் போட்டுக்கொள்ளுங்கள். மடிப்புக்குள் போவது எந்தத் துணியாக இருந்தால் என்ன?

இன்னொன்று: சிவப்பு, கரும்பச்சை போன்ற அடர்நிற நூலை ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குப் பின்பக்கமாக இழுத்துக்கொண்டு போகாதீர்கள். வெள்ளை ஐடாவின் ஓட்டைகள் வழியே அந்தக் கோடு நிழலாகத் தெரியும். உள்ளே பஞ்சு வைத்து அழுத்திய பிறகு இன்னும் பளிச்சென்று தெரியும். நூலை அங்கேயே முடித்து, புதிதாகத் தொடங்குவதுதான் வழி.

கழுவலும் இஸ்திரியும்

கை வியர்வை பட்ட துணியைக் கழுவாமல் மூடித் தைத்தால் ஓரிரு ஆண்டில் மஞ்சள் பூக்கும். மூடிவிட்ட பிறகு கழுவவும் முடியாது. குளிர்ந்த நீரில் லேசான சோப்புப் போட்டு அலசுங்கள். சிவப்பு நூல் சாயம் விட்டால் பதற வேண்டாம். துணியைக் காயவிடாமல், சாயம் நிற்கும் வரை குளிர்ந்த நீரை மாற்றி மாற்றி அலசிக்கொண்டே இருங்கள். காய்ந்துவிட்ட சாயக்கறைதான் பிடிவாதக்காரன். பிழியக் கூடாது, துண்டில் சுருட்டி அழுத்தி ஈரத்தை எடுக்க வேண்டும். பிறகு தடித்த துண்டை மடித்துப் போட்டு, தையல் முகம் கீழே இருக்கும்படி வைத்து இஸ்திரி போடுங்கள். அப்போதுதான் தையல்கள் நசுங்காமல் புடைத்து நிற்கும். ஜரிகை இழை கலந்திருந்தால் சூட்டைக் குறைத்து, மேலே ஒரு மெல்லிய துணியைப் போட்டுக்கொள்ளுங்கள்.

நீரில் அழியும் பேனாவால் கட்டம் போட்டிருந்தால் இஸ்திரிக்கு முன்பே அது முழுக்கப் போயிருக்க வேண்டும். சூடு பட்டால் கறையாக ஊன்றிவிடும். சூட்டில் மறையும் பேனா எதிர்மாதிரி: இஸ்திரியில் மாயமாகும், கடுங்குளிரில் திரும்பி வரும். கனடாவில் இருக்கும் தங்கைக்கு டிசம்பரில் அனுப்பும் நட்சத்திரத்தில் அந்தப் பேனாவைத் தொடாதீர்கள்.

அட்டை வைத்து முடிப்பது

எல்லா முறைகளிலும் அதிகம் கைகொடுப்பது இதுதான். தட்டையாக இருக்கும், பெட்டியில் அடுக்க இடம் அடைக்காது, ஓரம் கூர்மையாக வரும்.

42 கட்ட வடிவத்துக்குச் சுற்றிலும் இரண்டு வெறுங்கட்டம் சேர்த்தால் 46 கட்டம். 14 துணியில் அது சுமார் 8.3 செ.மீ. அந்த அளவில் இரண்டு சதுர அட்டை வெட்டுங்கள். கடையில் மவுண்ட் போர்டு என்று கேட்டால் கிடைக்கும். கல்யாணப் பத்திரிகை அட்டையை இரண்டு மடங்காக ஒட்டியும் பயன்படுத்தலாம். ஆனால் அதன் தங்க எழுத்தோ மஞ்சளோ வெள்ளைத் துணி வழியாகத் தெரியும் என்பதால் முகப்பக்கம் வெள்ளைத்தாள் ஒட்டிக்கொள்ள வேண்டும். பேக்கிங் பெட்டியின் அலை அட்டை வேண்டாம், ஓரம் அமுங்கிவிடும்.

முன் அட்டைமேல் மெல்லிய பஞ்சுத் தகடு ஒன்றை அதே அளவில் வெட்டி, இரண்டு பொட்டு ஃபெவிகாலில் நிறுத்துங்கள். கிராஸ் ஸ்டிச்சின் பின்பக்கத்தில் முடிச்சும் நூல் வாலும் எப்படியும் இருக்கும். பஞ்சு இருந்தால் அந்த மேடுகள் உள்ளே அமுங்கும். இல்லாவிட்டால் முகத்தில் கொப்புளம் போலத் துருத்தும்.

துணியை முகம் கீழாகப் போட்டு, மேலே அட்டையைப் பஞ்சு கீழே இருக்கும்படி வையுங்கள். நடுவில் வைத்தோமா என்று கண்ணளவில் நம்பாதீர்கள். அட்டையோடு சேர்த்துத் தூக்கிப் பிடித்து, நான்கு பக்கமும் அட்டையின் விளிம்பில், துணியின் ஓட்டை வழியே ஒரு குண்டூசி குத்துங்கள். முகத்தைத் திருப்பி, வடிவத்தின் ஓரத்திலிருந்து ஊசி வரை எத்தனை கட்டம் என்று எண்ணுங்கள். நான்கு பக்கமும் இரண்டே வர வேண்டும். ஒரு பக்கம் ஒன்றரை, எதிர்ப்பக்கம் இரண்டரை என்றால் நகர்த்துங்கள். கிராஸ் ஸ்டிச் கட்டத்திலேயே வாழும் வேலை. ஓரம் அரைக் கட்டம் கோணினாலும் தையல் தெரியாதவர் கண்கூடப் பிடித்துவிடும்.

சரியாக வந்ததும் ஓரத்துணியை 2 செ.மீ. விட்டு மிச்சத்தை வெட்டுங்கள். நான்கு மூலைகளையும் குறுக்காகக் கத்தரியுங்கள். ஆனால் அட்டையின் மூலைக்கும் வெட்டுக்கும் நடுவே 3 மி.மீ.யாவது இருக்கட்டும். ஒட்ட வெட்டினால் மூலையில் அட்டை எட்டிப் பார்க்கும். வெட்டாமல் மடித்தால் மூலை முண்டாகத் திரளும். முதலில் மூலையை உள்ளே மடித்து, அதன்மேல் இரண்டு பக்கத்தையும் மடியுங்கள். பொத்தான் தைக்கும் கனமான நூலால் எதிரெதிர் ஓரங்களை அட்டையின் பின்புறம் குறுக்கும் நெடுக்குமாக இழுத்துக் கட்டுங்கள், கயிற்றுக் கட்டிலுக்குக் கயிறு இழுப்பது போல. நடுவில் தொடங்கி மூலைகளை நோக்கிப் போங்கள். மூலையில் தொடங்கினால் சுருக்கம் நடுவில் வந்து மாட்டிக்கொள்ளும்.

ஒட்டிவிட்டால் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. போதும். ஃபெவிகாலைத் துணியில் தடவாமல் அட்டையின் பின்பக்கத்தில் மட்டும் மெல்லியதாகத் தடவினால் பரவாயில்லை. விளிம்பருகே பட்டால் ஐடாவின் ஓட்டை வழியே முன்னால் கசிந்து, காய்ந்ததும் பளபளவென்று திட்டாக நிற்கும். சூட்டுப் பசைத் துப்பாக்கி வேகமானது. ஆனால் அது விழுந்த இடமெல்லாம் மேடு தட்டும், இரண்டு அட்டையும் ஒன்றோடொன்று படியாது. இழுத்துக் கட்டியதைப் பிடிக்கவில்லை என்றால் அவிழ்த்து மறுபடி கட்டலாம். ஒட்டியதை அப்படிச் செய்ய முடியாது. என் ஓட்டு நூலுக்குத்தான். மைதாப் பசை பக்கமே போக வேண்டாம். கரப்பானுக்கும் வெள்ளிப்பூச்சிக்கும் விருந்து வைத்ததாகிவிடும்.

இரண்டாவது அட்டையை முதுகுத் துணியால் இதேபோல மூடுங்கள், பஞ்சு இல்லாமல். இரண்டையும் முதுகோடு முதுகாகச் சேர்த்துப் பிடித்து மறைவுத் தையல் போடுங்கள்: ஒரு பக்க மடிப்புக்குள் 3 மி.மீ. ஓடி வெளியே வந்து, நேர் எதிரே மறுபக்க மடிப்புக்குள் நுழைந்து 3 மி.மீ. ஓடி, இப்படி மாறி மாறி. நான்கைந்து தையலுக்கு ஒருமுறை இழுத்தால் நூல் உள்ளே மறைந்துவிடும். கீழ்விளிம்பின் நடுவில் 1 செ.மீ. திறந்தே இருக்கட்டும். கயிற்றின் நுனிகளை ஒளிக்க அந்த வாய் வேண்டும்.

வட்ட வடிவுக்கு இழுத்துக் கட்டும் வேலையே இல்லை. ஓரத்திலிருந்து அரை செ.மீ. உள்ளே சுற்றிலும் ஓட்டுத் தையல் போட்டு, அட்டையை நடுவில் வைத்து நூலை இழுத்தால் சுருக்குப்பை போல மூடிக்கொள்ளும்.

கயிறும் தொங்கும் புள்ளியும்

கடையில் விற்கும் பளபளப்புக் கயிறு வேண்டாம். வடிவத்தில் உள்ள நிறத்திலேயே கயிறு திரித்துக்கொள்ளலாம். ஒரு கண்டு நூலில் 8 மீட்டர் இருக்கும்; தைத்து மிஞ்சியதே போதும். நம் 8.3 செ.மீ. சதுரத்தைச் சுற்ற 33 செ.மீ., மேலே வளையத்துக்கு 16, நுனிக்கு இரண்டு என்று சுமார் 50 செ.மீ. கயிறு வேண்டும். அதற்கு ஒன்றரை மீட்டர் நீளத்தில் ஆறிழை நூல் இரண்டு எடுங்கள், ஒன்று சிவப்பு, ஒன்று வெள்ளை. ஒரு முனையை ஜன்னல் கம்பியில் கட்டி, மறுமுனையில் பென்சிலை முடிந்து, இழுத்துப் பிடித்தபடி ஒரே பக்கமாகத் திருகுங்கள். சற்றே தளர்த்தினால் நூல் தானே முறுக்கி மடியப் பார்க்க வேண்டும், அதுதான் பதம். நடுவில் ஒரு சாவியைத் தொங்கவிட்டு இரு முனைகளையும் சேர்த்துப் பிடித்தால் இரண்டு பாதியும் ஒன்றையொன்று சுற்றிக்கொண்டு உருண்டையான கயிறாகும். 60 செ.மீ. அளவுக்குக் கிடைக்கும். முனையை முடிச்சுப் போடாமல் விட்டால் அத்தனை முறுக்கும் நொடியில் அவிழ்ந்துவிடும்.

கயிற்றின் ஒரு நுனியைக் கீழ்வாயில் செருகி, விளிம்பைச் சுற்றி ஒரு பக்கமாக மேலே கொண்டுபோங்கள். மேல்நடுவில் வளையம் விட்டு, வளையத்தின் அடியை நாலு தையலில் இறுக்கி, மறுபக்கமாக இறங்கி அதே வாயில் முடியுங்கள். கயிற்றின் புரிகளுக்கு இடையே ஊசியை நுழைத்துத் தைத்தால் தையல் தெரியாது.

வளையத்தைத் தனியாக முதுகில் ஒட்டுபவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று. முதுகிலிருந்து தொங்கும் பொருள் முகம் கவிழ்ந்துதான் தொங்கும். தேவதை தரையைப் பார்த்துக்கொண்டிருப்பாள். வளையம் விளிம்பிலிருந்தே கிளம்பினால் எடை இருபுறமும் சமமாகி நேராக நிற்கும். சுற்றிக்கொண்டே இருப்பது பிடிக்கவில்லை என்றால் மேல் ஓரத்தில் இரண்டு இடத்தில் இணைத்து முக்கோணமாகத் தொங்கவிடுங்கள். அடியில் ஒரு சலங்கை மணி கட்டினாலும் ஆட்டம் அடங்கும். எடைக்கு எடை, ஓசைக்கு ஓசை.

முதுகே இல்லாத ஒன்று: பிஸ்கார்னு

முதுகுத் துணி தேடி அலுத்தவர்களுக்கு பிரெஞ்சுக்காரர்கள் பெயர் வைத்த இந்த எட்டுமூலைப் பொம்மை. இரண்டு சதுரத் தையலை நேருக்கு நேர் இணைக்காமல், ஒன்றின் மூலை மற்றதன் பக்கத்தின் நடுவில் வரும்படி திருப்பி இணைப்பதுதான் சூட்சுமம். தட்டையான இரண்டு துணியும் ஒன்றையொன்று முறுக்கி, பஞ்சு வைத்ததும் எட்டுக் கூர்களோடு உப்பி நிற்கும். எந்தப் பக்கம் திரும்பினாலும் முகம்தான்.

இங்கே எண்ணிக்கைதான் எல்லாம். ஒவ்வொரு சதுரத்தையும் சுற்றி, இரண்டு கட்டத்துக்கு ஒரு தையலாக, பேக் ஸ்டிச்சில் எல்லைக்கோடு போடுங்கள். பக்கத்துக்கு 48 கட்டம் என்றால் 24 தையல். நடுப்புள்ளி 12-ஆம் தையலுக்கும் 13-ஆம் தையலுக்கும் இடையே விழும். 46 கட்டம் எடுத்தால் 23 தையல், அதற்கு நடு என்று ஒரு சந்தே கிடையாது. ஆகவே பக்கத் தையல் எப்போதும் இரட்டைப்படை.

எல்லைக்கு வெளியே ஆறு கட்டம், அதாவது சுமார் 1 செ.மீ. விட்டு வெட்டி உள்ளே மடித்து நகத்தால் அழுத்துங்கள். முதல் சதுரத்தின் மூலையை இரண்டாவதன் நடுப்புள்ளியில் வைத்து, எல்லைத் தையல்களை மட்டும், ஒன்றுக்கு ஒன்றாக, சுற்றித் தைத்துக்கொண்டே போங்கள். ஊசி துணிக்குள் இறங்கவே கூடாது. இரு பக்கத் தையல் நூலின் அடியிலும் நுழைந்து வந்தால் போதும். 12 தையலில் இரண்டாவது துணியின் மூலை வரும். அங்கே அது திரும்பும். முதல் துணி நேராகவே போகும். அடுத்த 12-இல் முதலாவதன் மூலை. முதல் இரண்டு மூலை திரும்பும் வரை கையில் இருப்பது ஏதோ தப்பாகிவிட்டது போலத்தான் தெரியும். எண்ணிக்கை சரியென்றால் நம்பித் தொடருங்கள். மொத்தம் 96 தையல். வழியில் ஒன்றை விட்டிருந்தால் கடைசி மூலை நடுப்புள்ளியில் உட்காராமல் காட்டிக்கொடுத்துவிடும்.

கடைசி எட்டுப் பத்துத் தையல் பாக்கி இருக்கும்போது பஞ்சு அடையுங்கள். தலையணைக்கு வாங்கும் ஃபைபர் பஞ்சைச் சின்னச் சின்னதாகப் பிய்த்து, ஊதுபத்திக் குச்சியின் மழுங்கிய முனையால் முதலில் எட்டு மூலைக்கும் தள்ளி, பிறகு நடுவை நிரப்புங்கள். இலவம் பஞ்சு லேசுதான், ஆனால் அதன் வழுவழு இழைகள் ஐடாவின் ஓட்டை வழியே வெளியேறும். அதுதான் வேண்டுமென்றால் மெல்லிய துணியில் பையாகத் தைத்து உள்ளே வையுங்கள். மூடிய பிறகு மேலும் கீழும் நடுவில் ஒரு பொத்தான் வைத்து, நீள ஊசியால் இரண்டையும் சேர்த்து இழுத்துக் கட்டினால் நடுவில் குழி விழும். பிஸ்கார்னுவுக்கு வடிவம் வருவது அந்தக் குழியில்தான். எட்டு மூலையில் ஏதாவது ஒன்றிலிருந்து தொங்கவிடலாம்.

மரச்சட்டத்தோடு, அதாவது 3 அங்குல எம்பிராய்டரி வளையத்தோடு அப்படியே தொங்கவிடுவதும் ஒரு முறை. சுலபம். பின்பக்கத்தை ஃபெல்ட் வட்டம் வெட்டி மூடித் தைத்தால் முடிந்தது. எனக்கென்னவோ அது பாதியில் நிறுத்திய வேலையாகவே தெரிகிறது.

முதுகில் என்ன போடுவது

ஃபெல்ட் பிசிறு விடாது, மடிக்க வேண்டாம்; புதிதாகத் தொடங்குபவர்களுக்கு அதுவே போதும். ஆனால் வீட்டிலேயே அதைவிட நல்லது கிடைக்கும். பட்டுப் பாவாடையின் மிச்சம், ரவிக்கைத் துணி, நைந்த சேலையின் இன்னும் நையாத முந்தானை. பட்டு பிசிறு விடும் என்பதால், சட்டைக் காலருக்கு உள்ளே வைத்து இஸ்திரியில் ஒட்டும் கேன்வாஸை முதலில் ஒட்டிவிட்டுப் பிறகு வெட்டுங்கள்.

முதுகில் ஆண்டு இருக்கட்டும். குழந்தைக்கு ஆண்டுக்கு ஒரு தொங்கல் என்று சேர்த்து, பிள்ளை தனிக்குடித்தனம் போகும்போது மொத்தத்தையும் பெட்டியோடு கொடுத்தனுப்பும் பழக்கம் அமெரிக்கக் குடும்பங்கள் பலவற்றில் உண்டு. ஆண்டு தைக்காத தொங்கல் அந்த வரிசையில் எங்கே சேரும்? எண்கள் ஐந்து கட்ட உயரத்தில் அழகாக அடங்கும். தமிழ் எழுத்து அடங்காது. ண-வின் சுழிகளும் ஐ-யின் வளைவும் கட்டத்துக்குள் வர அதைவிடக் கூடுதல் உயரம் கேட்கும். அப்போதும் முழுக் குறுக்குத் தையலில் படிக்கட்டு போலத்தான் தெரியும். கிராஃப் தாளில் வரைந்து, ஒற்றை இழைப் பேக் ஸ்டிச்சில் கோடாகத் தையுங்கள். முழுப்பெயருக்கு இடமில்லை என்றால் முதல் எழுத்து போதும். ஃபெல்ட்டில் எண்ண ஓட்டை இல்லை என்பதால் இதைச் சிறு ஐடாத் துண்டில் தைத்து முதுகின் நடுவில் ஒட்டுப்போடுங்கள்.

மரமும் மழைக்காலமும்

நம்மூரில் மரம் என்று பல வீடுகளில் நிற்பது சவுக்குக் கிளைதான். கடை பிளாஸ்டிக் மரத்தின் கம்பிக் கிளை எதையும் தாங்கும்; சவுக்கின் நுனி தாங்காது, அட்டையும் மணியும் சேர்ந்த தொங்கலுக்கு அப்படியே வளைந்துவிடும். அடிக்கிளையில், தண்டுக்குப் பக்கத்தில் கனமானவற்றை மாட்டி, நுனிகளைப் பஞ்சு வைத்தவற்றுக்கு விடுங்கள்.

வடகிழக்குப் பருவமழை இன்னும் ஓயாத மாதத்தில்தான் இந்த வேலையெல்லாம் நடக்கும். கழுவிய துணி தொட்டால் காய்ந்தது போலிருக்கும், உள்ளே ஈரம் இருக்கும். அப்படியே அட்டையில் மூடினால் பொங்கலுக்குள் கரும்புள்ளி விழும். இஸ்திரி போட்ட பிறகும் ஒரு நாள் மின்விசிறியின் கீழ் கிடக்கட்டும்.

பண்டிகை முடிந்து எடுத்து வைக்கும்போது பிளாஸ்டிக் கவரில் திணிக்காதீர்கள். செய்தித்தாளிலும் சுற்ற வேண்டாம், மை ஒட்டும். துவைத்த பழைய வேட்டித் துணியில் ஒவ்வொன்றாகச் சுற்றி, அட்டைப்பெட்டியில் தட்டையாக அடுக்குங்கள். பிஸ்கார்னுக்களை மேலே வையுங்கள். பாச்சை உருண்டை வைப்பதானால் பெட்டியின் மூலையில், துணி முடிச்சுக்குள் வையுங்கள். சிலவகைப் பிளாஸ்டிக் மணிகளை அது இளக்கிவிடும். மருந்துப் புட்டிகளில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களைச் சேர்த்து வைத்திருந்தால் அவற்றையும் போடுங்கள். கூடவே மிஞ்சிய நூலில் ஒரு முழம், அதன் எண் எழுதிய சீட்டோடு.